வனவிலங்கு ஒலிக் கண்காணிப்பில் பழங்குடி அறிவும் ஏஐ-யும்: எந்தப் படியில் எதைச் சேர்ப்பது

ரெக்கார்டரை மரத்தில் கட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவைதான் நாள் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கருவி வாங்குகிறார்கள், பிறகு ஒலியை வைத்து விலங்கை அடையாளம் காணும் ஏஐ மாடலை ஓட்டுகிறார்கள், கடைசியில் ஊர்ப் பெரியவர்களிடம் அது கொடுத்த பட்டியலை நீட்டி "இது சரிதானே?" என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் பெரியவர்களால் தலையாட்டத்தான் முடியும்.

எங்கே பதிவு செய்வது, எப்போது செய்வது, எந்த ஒலியை எப்படிப் பெயரிடுவது, வந்த முடிவை நம்பலாமா: காட்டோடு வாழ்கிறவர்களின் அறிவு சேர வேண்டிய இடங்கள் இந்த நான்கு. முதல் மூன்றும் கருவியை ஆன் செய்வதற்கு முன்பே வந்துவிடுகின்றன. கீழே உள்ள வரிசை அதனால்தான் இப்படி இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மூன்று ரெக்கார்டர்கள் போதும். ஆடியோமாத் போன்ற சிறிய கருவி தொடக்கத்துக்குப் பொருத்தம். மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். இணையம் இல்லாமலே மாடலை ஓட்டக்கூடிய மடிக்கணினி ஒன்று. காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் இரண்டு. போட்டுக் காட்டுகிறவரும் கேட்கிறவரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஒலியைப் படமாகப் பார்க்க ஆடாசிட்டியோ ரேவன் லைட்டோ போதும், இரண்டும் இலவசம்.

இவற்றைவிட முக்கியம் ஆள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, கணினி ஓரளவு பழகிய ஒருவர் முதல் நாளிலிருந்தே சம்பளத்தோடு குழுவில் இருக்க வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டுச் சொல்லும் நாட்களுக்கு, வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுக்கும்படி திட்டத்தொகையில் முன்பே ஒதுக்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பணம் பெரும்பாலும் வருவதே இல்லை.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள். கருவியை இன்னும் வாங்காதீர்கள்

"இந்தக் காட்டில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன?" என்பது வெளியாளின் கேள்வி. அங்கே இருப்பவர்களுக்கு அதன் பதில் தெரியும். அவர்கள் கேட்பது வேறாக இருக்கும். ஓடை வற்றத் தொடங்கிய பிறகு தவளைகள் எந்தப் பக்கம் போயின? பழக்காலத்தில் கூட்டமாக வந்த இருவாச்சி இப்போது வருவது ஏன் குறைந்தது? இரவில் விளைநிலத்துக்கு வரும் யானை எந்த வழியாக இறங்குகிறது?

கேள்வி கிடைத்ததும் அதற்கு ஒலி பதில் சொல்லுமா என்று பாருங்கள். குரல் கொடுக்காத விலங்கை ரெக்கார்டர் பிடிக்காது. யானையின் அடித்தொண்டை முழக்கம் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கிறது. சாதாரண மைக் அங்கே பலவீனம். வௌவால் மறுகோடி, அதற்கு நொடிக்கு 2 லட்சம் மாதிரிகளுக்கு மேல் எடுக்கும் கருவி வேண்டும். கேள்வி தெரியாமல் கருவி வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

முதல் பருவத்துக்கு ஒரு கேள்வி, ஐந்தாறு ஒலிகள். அதற்கு மேல் வேண்டாம்.

2. ஒப்புதலைப் பகுதி பகுதியாகக் கேளுங்கள்

ஒரு தாள், ஒரு கையெழுத்து என்று முடித்துவிடுவது வழக்கமான தவறு. ஒலியைப் பதிவு செய்ய அனுமதி வேறு. அதை வைத்து மாடலைப் பயிற்றுவிக்க அனுமதி வேறு. பயிற்றுவித்த மாடலை மற்றவர்களுக்குக் கொடுக்க, பதிவான இடத்தை வெளியிட, ஒலிக்கு விளக்கமாகப் பெரியவர்கள் சொன்னதைக் கோப்பில் வைத்துக்கொள்ள என்று ஒவ்வொன்றும் தனி. ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். சிலவற்றுக்குச் சரி, சிலவற்றுக்கு முடியாது என்று வரும். வரட்டும்.

இவ்வளவு பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பதிவைப் பிறகு அழித்துவிடலாம். ஆனால் பயிற்சிக்குள் போன ஒலித்துண்டை மாடலிலிருந்து தனியாக உருவ முடியாது, அந்தத் துண்டு இல்லாமல் மறுபடி பயிற்றுவிக்கத்தான் வேண்டும். எந்தத் துண்டு எந்த மாடல் பதிப்புக்குள் போனது என்று முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். இல்லையென்றால் "விலக்கிக்கொள்ளலாம்" என்று நீங்கள் கொடுத்த வாக்குக்குப் பொருளில்லை.

எழுத அடிப்படை வேண்டுமானால் இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஐநா பொதுச்சபை 2007-ல் ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவு, மரபறிவைக் கட்டுப்படுத்தவும் காக்கவும் அந்த மக்களுக்கே உரிமை என்கிறது. பழங்குடி மக்களின் தரவுக்காக 2019-ல் வந்த கேர் (CARE) கோட்பாடுகள் கூட்டு நலன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் என்ற நான்கையும் தரவுக்குப் பொருத்துகின்றன. நியூசிலாந்தின் மாவோரி ஒலிபரப்பு நிறுவனமான தே ஹிகு மீடியா மாவோரி மொழிக் குரல் பதிவுகளுக்குத் தனி உரிமமே எழுதியிருக்கிறது. காட்டொலிக்கும் அந்த வழியைப் பின்பற்றலாம்.

ரெக்கார்டரில் மனிதர்களின் பேச்சும் பதிவாகும், பாட்டும் பதிவாகும். அதை யார் கேட்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதையும் இதே கூட்டத்தில் பேசி முடியுங்கள்.

3. ஒலிகளின் அட்டவணையைச் சேர்ந்து எழுதுங்கள்

ஆயத்த மாடல்கள் ஓர் இனத்துக்கு ஒரு பெயர் என்ற கணக்கில் ஓடுகின்றன. காட்டில் காது பழகியவர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. ஒரே பறவையின் குஞ்சுக் குரலும் எச்சரிக்கைக் குரலும் அவர்களுக்கு இரண்டு செய்திகள். வேறு சமயம் இரண்டு மூன்று சிறு தவளை இனங்களுக்கு ஒரே பெயர் இருக்கும், ஏனென்றால் அவை சொல்லும் செய்தி ஒன்றுதான்.

ஆகவே அட்டவணையில் ஒலி ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: சமூகம் சொல்லும் பெயர், அறிவியல் பெயர், குரலின் வேலை, அது கேட்டால் அடுத்து என்ன எதிர்பார்க்கலாம். கடைசிக் கட்டத்தை யாரும் தொடக்கத்தில் நிரப்புவதில்லை. உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. புள்ளிமான் ஒரு தடவை எச்சரித்து நிறுத்தினால் பெரிதாக ஒன்றுமில்லை. மந்தியும் சேர்ந்து விடாமல் கத்தினால் சிறுத்தையோ புலியோ நடமாடுகிறது. இரவில் ஆள்காட்டி கத்திக்கொண்டே இடம் மாறினால் தரையில் ஏதோ நகர்கிறது. இந்த "சேர்ந்து", "விடாமல்", "இடம் மாறி" எல்லாம் எந்த ஆயத்த மாடலிலும் இல்லை. பின்னால் 9-ஆம் படியில் இவற்றைத்தான் விதிகளாக எழுதப்போகிறோம்.

சமூகப் பெயரும் அறிவியல் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் ஒன்றை மற்றொன்றுக்குள் அடைக்காதீர்கள். இரண்டையும் வையுங்கள். அடைத்துவிட்டால் இழந்தது என்ன என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

சில பெயர்களை, சில விளக்கங்களை எழுதக் கூடாது என்பார்கள். அந்த வரிக்கு ஓர் எண் மட்டும் கொடுத்துவிட்டு நகருங்கள். மாடலுக்கு எண் போதும்.

4. இடத்தையும் நேரத்தையும் அவர்கள் வாயால் கேளுங்கள்

வரைபடத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு ரெக்கார்டர் வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். அரிதான விலங்கைத் தேடும்போது அது காசுக்குக் கேடு.

ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் ஙுருர்ப்பா பழங்குடி ரேஞ்சர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, அழிவின் விளிம்பில் இருக்கும் இரவுக் கிளியைத் தேடினார்கள். வெகுகாலம் தீப்படாமல் முதிர்ந்த ஸ்பினிஃபெக்ஸ் புல் புதர்களில்தான் அந்தக் கிளி பகலில் அடங்குகிறது. நிலத்தையும் அங்கே தீ போன தடத்தையும் அறிந்தவர்கள் இடம் தேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024-ல் வெளியான அந்த ஆய்வு சான்று: 2020 முதல் 2023 வரை ரெக்கார்டர் வைத்த 31 இடங்களில் 17-ல் கிளியின் குரல் பதிவாகியிருந்தது.

நேரமும் அப்படித்தான். தேதி போட்டுத் தொடங்காமல் நிகழ்வை வைத்துத் தொடங்குங்கள்: அத்தி பழுத்ததும், முதல் மழைக்கு மறுநாள், இன்ன பூச்சி இரையத் தொடங்கியதும். பருவம் முன்பின் நகரும் ஆண்டுகளில் நாட்காட்டி உங்களை ஏமாற்றும். நிகழ்வும் தேதியும் இரண்டுமே குறிப்பில் இருக்கட்டும், ஆண்டுக்காண்டு ஒப்பிட இரண்டும் வேண்டும்.

"அங்கே வைக்காதே" என்ற இடங்களைக் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

5. கருவியை அமைத்துக் கட்டுங்கள்

நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி வரையிலான அதிர்வெண்தான் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் 24 வரை. பறவை, தவளை, குரங்கு எல்லாம் அதற்குள் அடக்கம்.

இடக் கணக்கை முன்பே போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்குச் சுமார் 346 மெகாபைட், நாளுக்கு 8.3 ஜிகாபைட். 64 ஜிபி கார்டு ஒரு வாரத்தில் நிரம்பும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் இரண்டு மாதம் தாண்டும். ஆனால் விடியலுக்கு முன் சில நிமிடம் மட்டுமே கூவும் பறவையை அந்த இடைவெளி விழுங்கிவிடும். ஆகவே பெரியவர்கள் சொல்லும் நேரத்தில் முழுவதும், மற்ற நேரத்தில் விட்டு விட்டு.

கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஆடியோமாத் கோப்புப் பெயர் 20250614_003000 என்ற மாதிரி வரும், இயல்பில் அது உலகப் பொது நேரம் (UTC); இந்திய நேரத்தில் இது காலை ஆறு மணி. இதைக் கவனிக்காதவர்கள் "நள்ளிரவில் மயில் கத்துகிறது" என்று பரபரப்பதை நிறையவே பார்க்கலாம். பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் நேரம் மறுபடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

மெல்லிய தண்டில், தலைக்குச் சற்று மேலான உயரத்தில் கட்டுங்கள்; பருத்த அடிமரம் பின்பக்க ஒலியை மறைக்கும். மைக் பக்கம் இலை உரசக் கூடாது. ஓடைச் சத்தத்திலிருந்து தள்ளி, ஒற்றையடிப் பாதையிலிருந்தும் தள்ளி. கட்டிவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து, அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

6. ஆயத்த மாடலைச் சல்லடையாக மட்டும் ஓட்டுங்கள்

கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் 6,000-க்கும் மேற்பட்ட இனங்களை அறியும். ஒலியை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். கூகுளின் பெர்ச் ஐந்து நொடித் துண்டுகளில் வேலை செய்கிறது. பேர்ட்நெட் மடிக்கணினியிலேயே ஓடும், பதிவு எங்கேயும் வெளியே போகாது. இலவச இணையச் சேவையில் ஏற்றினால், உங்கள் பதிவை அவர்கள் எதற்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்களுடைய விதிமுறை. 2-ஆம் படியில் வாங்கிய ஒப்புதலோடு அது பொருந்துகிறதா பாருங்கள். பேர்ட்நெட் மாடலின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இட எல்லையும் பருவமும் கொடுத்து ஓட்டுங்கள், அல்லது 3-ஆம் படி அட்டவணையிலிருந்து இனப்பட்டியலைக் கொடுங்கள். இல்லாத கண்டத்துப் பறவைகள் பட்டியலில் வந்து நிற்காது. இந்தக் கட்டத்தில் மதிப்பெண் எல்லையை, அதாவது இதற்கு மேல் வந்தால்தான் எடுப்பது என்ற அளவை, தாழ்வாக, 0.1 அல்லது 0.2 என்று வையுங்கள். பிழைகள் குவியும், பரவாயில்லை. கேட்பதற்கான துண்டுகளைத் திரட்டுவதுதான் இங்கே வேலை.

7. சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்

முழு வேலையின் தரமும் இங்கேதான் நிர்ணயமாகிறது. அவசரப்படுகிறவர்கள் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

முதல் தவறு, மூன்று நொடித் துண்டை மட்டும் போட்டுக் காட்டுவது. மூன்று நொடி மாடலுக்குப் போதும். மனிதர்கள் சுற்றுப்புறத்தையும் சேர்த்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்: பின்னால் எந்தப் பூச்சி இரைகிறது, காற்று எப்படி, முன்னால் யார் கத்தியது. துண்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு நிமிடமாவது போடுங்கள். எந்த இடம், எந்தப் பருவம், எந்த நேரம் என்பதையும் சொல்லுங்கள். ஒளித்து வைத்துப் பரீட்சை நடத்துகிற வேலை இது இல்லை.

ஓர் உதாரணம். பட்டியலில் ஒரு வரி: வல்லூறு, மதிப்பெண் 0.91. மூன்று நொடியைக் கேட்டால் யாருக்கும் அது வல்லூறுதான். ஒரு நிமிடமாக ஓட்டினால் அதே இடத்திலிருந்து, மூச்சு விடாமல், வல்லூறு முடிந்ததும் குக்குறுவான், பிறகு ஒரு சிலம்பன், நடுவில் உலோகத்தைத் தட்டினாற்போல் இரண்டு சத்தம். காது பழகியவர் சிரித்துவிடுவார். துடுப்புவால் கரிச்சான், மற்றவர் குரலை எடுத்து ஓட்டுகிறது. 0.91 என்பதில் குறையே இல்லை, அது அந்த மூன்று நொடிக்குச் சரியான மதிப்பெண். கரிச்சான் இருக்கும் காடுகளில் அட்டவணையில் "போலிக் குரல்" என்று ஒரு வரி கட்டாயம்.

இரண்டாவது தவறு, எல்லோரையும் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்பது. மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் மறுத்துப் பேச மாட்டார். முதலில் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள், பிறகு கூட்டமாகப் பேசட்டும். மாறுபட்ட பதில்களைப் பெரும்பான்மை வைத்துத் தீர்க்காதீர்கள். இருவரும் வேறு வேறு பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களாக இருக்கலாம், இருவரும் சரியாக இருக்கலாம். "தெரியவில்லை" என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லையென்றால் மரியாதைக்காக ஏதாவது சொல்வார்கள்.

மூன்றாவது, வயதைக் கணக்கில் எடுங்கள். வயதாக ஆக உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் காதை விட்டுப் போகும். பூச்சி, சிறு பறவைகளின் கீச்சொலியைப் பாதி வேகத்தில் போடுங்கள், சுருதி இறங்கிக் கேட்கும். கூடவே ஒலிப்படத்தையும் காட்டுங்கள். கோடு, ஏற்றம், அலை என்று இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் போட்டால் பாதி ஒலி போய்விடும், ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த அமர்வே வேண்டாம்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் யார் காதும் நிற்காது.

8. உங்கள் ஒலிகளுக்கு மாடலைப் பழக்குங்கள்

புதிதாக ஒன்றை அடியிலிருந்து கட்ட வேண்டியதில்லை. பேர்ட்நெட் ஏற்கெனவே கற்ற அம்சங்களின் மேல் உங்கள் வகைகளை ஏற்றலாம்: ஒலிக்கு ஒரு கோப்புறை, கோப்புறையின் பெயரே வகையின் பெயர். மழை, காற்று, இலை உரசல், வண்டிச் சத்தம் இவற்றுக்கும் தனிக் கோப்புறை வேண்டும். இதை விட்டவர்களின் மாடல் ஒவ்வொரு மழைக்கும் தவளையைக் கண்டுபிடிக்கும்.

சோதனைக்கான துண்டுகளைப் பிரிக்கும்போதுதான் பெரிய ஓட்டை விழுகிறது. எல்லாத் துண்டுகளையும் குலுக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், ஒரே விலங்கு ஒரே காலையில் கொடுத்த குரல் இரண்டு பக்கமும் போய்விடும். முடிவு அற்புதமாக வரும், அடுத்த மலையில் மாடல் படுத்துவிடும். இடத்தை வைத்துப் பிரியுங்கள்: சில ரெக்கார்டர்களின் பதிவுகள் முழுவதும் சோதனைக்கு மட்டும்.

9. மதிப்பெண் எல்லையை ஒலிக்கு ஒலி தனியாக வையுங்கள்

0.8 என்றால் 80 சதவீதம் உறுதி என்று படிப்பது ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு. அந்த எண் நிகழ்தகவு இல்லை. ஓர் இனத்துக்கு 0.3 போதும், இன்னொன்றுக்கு 0.9-ம் போதாது.

செய்ய வேண்டியது: மதிப்பெண்ணை 0.1 முதல் 1 வரை ஒன்பது பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் 20 துண்டுகளைக் குலுக்கி எடுத்து, 7-ஆம் படி முறையில் கேட்டுச் சரிபாருங்கள். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் பத்தில் ஒன்பது சரியாக இருக்கிறதோ, அதுதான் அந்த ஒலிக்கு உங்கள் எல்லை.

அரிய ஒலிக்கு அதுவும் போதாமல் போகலாம். ஒரு நாளில் 28,800 மூன்று நொடித் துண்டுகள் இருக்கின்றன. ஆயிரத்தில் ஒன்று தவறினாலும் நாளுக்கு 29 போலி அழைப்புகள். நாளுக்கு இருமுறை கூவும் பறவை அதில் மூழ்கிவிடும். 3-ஆம் படியின் நான்காவது கட்டம் கைகொடுப்பது இங்கேதான். "இன்ன நேரத்தில் மட்டும்", "மந்தி ஐந்து நிமிடத்துக்குள் கத்தியிருந்தால் மட்டும்", "கரிச்சான் அதே நிமிடத்தில் இருந்தால் ஒதுக்கிவை" என்று விதிகளை மாடலுக்குப் பின்னால் வையுங்கள். மாடலை மாற்றுவதைவிட இது எளிது, யார் சொன்ன விதி என்பதும் கண்ணுக்குத் தெரியும். விதி போட்ட பிறகு சோதனைத் துண்டுகளில் மறுபடி எண்ணிப் பாருங்கள். பழகிய விதியும் சில நேரம் பொய்க்கும், அதையும் சொன்னவரிடமே கொண்டுபோக வேண்டும்.

10. முடிவைப் படிக்கும்போது

அழைப்புகளின் எண்ணிக்கை விலங்குகளின் எண்ணிக்கை ஆகாது. ஒரே குயில் நூறு தடவை கூவும்.

ஒலி இல்லை என்பதை உடனே "விலங்கு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். காற்று அடித்ததா, குஞ்சு பொரித்த பிறகு அடங்கிவிட்டதா, ரெக்கார்டர் ஈரத்தில் செத்துப்போனதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். வரைபடத்தில் திடீர் பள்ளம் தெரிந்தால் கணினியைத் தட்டுவதற்கு முன் அந்தப் பக்கம் போய் வருகிறவரிடம் கேளுங்கள். காட்டுத்தீயோ, புதிதாக மேய்ச்சலுக்கு வந்த மாடுகளோ, பழுக்காமல் போன ஓர் ஆண்டோ காரணமாக இருக்கும். தரவில் அது தெரியாது.

11. ஒப்படையுங்கள்

அறிக்கையைக் கணினிக் கோப்பாக அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கான பதிலை அவர்கள் மொழியில், ஒலியோடு, கூட்டத்தில் சொல்லுங்கள். அவர்களுடைய பருவப் பெயர்கள் போட்ட ஒரு சுவர் அட்டவணை நிறைய நாள் பயன்படும்.

வெளியிடுவதற்கு முன் அரிய விலங்குகளின் இடத்தைத் துல்லியம் குறைத்து எழுதுங்கள். வேட்டைக்காரரும் ஆய்வுக் கட்டுரை படிப்பார்.

மூலப் பதிவுகளின் ஒரு முழுப் படி, மாடல் கோப்பு, அட்டவணை, எந்தத் துண்டு எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்ற குறிப்பு: நான்கும் ஒரு ஹார்ட் டிஸ்கில் சமூகத்தின் கையில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லோடு. அதைத் திறந்து, ஒரு பதிவை ஓட்டி, ஒரு வரியை நீக்கி மாடலை மறுபடி பயிற்றுவிக்கக் குழுவில் உள்ள அந்த ஊர்க்காரருக்கு உங்கள் உதவி இல்லாமல் முடிகிறதா என்று, நீங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு முறை செய்துபார்க்கச் சொல்லுங்கள்.